டீச்சர் வராத நாளின் சம்பளம்: கலிஃபோர்னியாவில் சப் டீச்சர் வேலை, ஒரு நிகழ்வு ஆய்வு

நம்மூர்ப் பள்ளியில் டீச்சர் லீவு போட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வகுப்பு டீச்சர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று வாசலில் நின்று "சத்தம் கேட்கக் கூடாது" என்பார். லீடர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பேசுகிறவன் பெயரைப் பலகையில் எழுதுவான். அதிர்ஷ்டம் இருந்தால் பி.டி. வாத்தியார் வந்து கிரவுண்டுக்கு அழைத்துப் போவார். அந்த ஒரு நாளுக்காக வெளியிலிருந்து யாரையும் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லை. அதனால்தான் அமெரிக்கா போன நம் ஆட்களுக்கு, பிள்ளை வீட்டுக்கு வந்து "இன்னிக்கு எங்களுக்கு சப்" (சப்ஸ்டிட்யூட், டீச்சருக்குப் பதில் வந்தவர்) என்று சொல்லும்போதுதான் இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியவருகிறது.

கலிஃபோர்னியாவின் அரசுப் பள்ளிகளில் மாநில அனுமதி பெற்ற ஒருவர் இல்லாமல் வகுப்பு நடத்த முடியாது. ஆசிரியர் வராத நாளில் அந்த இடத்தை நிரப்ப நாள் கணக்கில் ஆள் எடுக்கிறார்கள். பட்டப்படிப்பு போதும், பி.எட். வேண்டாம். வேண்டிய நாள் போகலாம், வேண்டாத நாள் போக வேண்டாம். பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் நமக்கும் விடுமுறை. ஐ.டி. வேலையை விட்டுச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்தவர்களை இது இழுப்பதில் வியப்பில்லை.

இந்த ஆய்வில் வருகிறவர் தனி ஒருவர் அல்ல. சான் பிரான்சிஸ்கோ வட்டாரமான பே ஏரியாவில் இந்த வேலையை யோசிக்கும் தமிழர்களிடம் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளைச் சேர்த்துக் கட்டிய மாதிரி. விதிகளும் அரசுக் கட்டணங்களும் நிஜம். நாள் சம்பளமும் வேலைநாள் எண்ணிக்கையும் அனுமானம்.

மாதிரி இது. வயது 44. வீடு ஃப்ரீமான்ட். 2003-ல் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ., அதன்பின் சென்னை ஓ.எம்.ஆரில் ஒன்பது ஆண்டுகள் சாஃப்ட்வேர் டெஸ்டிங். கணவருக்கு எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. இவருக்குத் துணைக்கான எச்-4 விசாவும் அதன் பேரில் வாங்கிய இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டையும் இருக்கின்றன. மகன் 7-ம் வகுப்பு, மகள் 3-ம் வகுப்பு. ஐந்து ஆண்டுகளாக வேலை இல்லை. வாரம் மூன்று நாள் சப் டீச்சராகப் போனால் கட்டுபடியாகுமா, பிடித்துப்போனால் ஆசிரியத் தொழிலுக்கே மாறலாமா என்பது கேள்வி.

விசாவில் தொடங்க வேண்டும்

பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். எச்-4 விசா மட்டும் இருந்தால் சம்பள வேலை பார்க்க முடியாது. கணவன் அல்லது மனைவியின் கிரீன் கார்டு வரிசையில் ஐ-140 ஒப்புதலாகியிருந்தால், அல்லது அவர் எச்-1பியின் ஆறாண்டு வரம்பைத் தாண்டி நீட்டிப்பில் இருந்தால், 2015 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி எச்-4 துணைக்கு இ.ஏ.டி. கிடைக்கும். நிறுவன மாற்றலில் வந்தவரின் எல்-2 துணைக்கு நிலை எளிது. நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவில் துணைக்கான குறியீடு இருந்தால் தனி அட்டை இல்லாமலே வேலை செய்யலாம். மாணவரின் துணைக்கான எஃப்-2 விசாவில் வழியே இல்லை.

எச்-1பியில் இருப்பவர் "நான் வெள்ளிக்கிழமை மட்டும் சப் போறேன்" என்று கிளம்பக் கூடாது. அந்த விசா மனு போட்ட நிறுவனத்தின் வேலைக்கு மட்டும்தான். ஒரு நாள் சம்பளம் வாங்கினாலும் விசா மீறல். பேராபத்தைச் சாதாரணமாக நினைத்துச் செய்யும் தவறு இது. மற்ற பல தவறுகளுக்குப் பணமோ நாளோதான் வீணாகும்.

நம் மாதிரியில் அட்டை கையில் இருக்கிறது. ஆனால் அதன் கடைசித் தேதியைப் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பிப்பு மனுக்களுக்கு முன்போல் தானாக நீட்டிப்பு கிடையாது. பழைய அட்டை முடியும் நாளுக்குள் புதியது கைக்கு வராவிட்டால் அன்றோடு வேலை நிற்கும். காலாவதிக்கு 180 நாள் முன்பே மனு போடலாம். அந்த 180-வது நாளைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

பட்டம், பெயர், விரல்ரேகை

வாங்க வேண்டிய அனுமதியைப் பேச்சுவழக்கில் "30 டே பெர்மிட்" என்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஆசிரியர் சான்றளிப்பு ஆணையம் தருவது. கட்டணம் 100 டாலர், ஓராண்டு செல்லும், பிறகு இணையத்தில் புதுப்பிக்கலாம். பட்டம் உள்ளவர்கள் தனியாக அடிப்படைத் திறன் தேர்வு எழுத வேண்டும் என்ற நிபந்தனை 2024 கோடையில் மாறியது. இளங்கலைப் பட்டமே அந்தத் தகுதியைக் காட்டப் போதும். பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு.

இந்தியப் பட்டம் என்பதால், அது அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். இதில் மூன்று பள்ளங்கள்.

விசாவுக்காக முன்பு வாங்கிய மதிப்பீடு உதவும் என்று நினைப்பது முதல் பள்ளம். அந்த அறிக்கைகளில் சில, படிப்போடு வேலை அனுபவத்தையும் கூட்டிப் பட்டத்துக்குச் சமம் என்று எழுதப்பட்டவை. இங்கே அது எடுபடாது. ஆணையத்தின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம், பாடவாரியான அறிக்கையாக வாங்க வேண்டும். பாடவாரி அறிக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் ஆகும். ஆனாலும் அதையே வாங்குங்கள். காரணம் பின்னால் வரும்.

இரண்டாவது, மூன்றாண்டுப் பட்டம். பி.எஸ்சி., பி.காம். மட்டும் படித்தவர்களுக்குப் பல நிறுவனங்கள் "மூன்றாண்டு இளங்கலைப் படிப்பு" என்றுதான் எழுதித் தரும், முழுப் பட்டம் என்று எழுதாது. மேலே எம்.எஸ்சி.யோ எம்.சி.ஏ.வோ இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். நான்காண்டு பி.இ.க்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, எந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்பது என்பது. பொறியியல் கல்லூரிகள் என்றதும் அண்ணா பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 2001-க்குப் பிறகுதான் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. அதற்கு முன் சேர்ந்த கோவைக்காரர் பட்டத்தில் பாரதியார் என்றும், மதுரைப் பக்கத்தவர் பட்டத்தில் காமராஜர் என்றும் இருக்கும். பட்டச் சான்றிதழை எடுத்து முத்திரையைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கவும். உறையிட்டு முத்திரை வைத்த மதிப்பெண் பட்டியல் ஊரிலிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்வதுதான் இந்த முழு வேலையிலும் நீளமான காத்திருப்பு.

அடுத்து, பெயர். நம் மாதிரியில் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. இ.ஏ.டி.யில் பாஸ்போர்ட் பெயர். வங்கியிலும் பிள்ளைகளின் பள்ளியிலும் கணவர் பெயர். நமக்கு நாலும் ஒரே ஆள். கணினிக்கு நாலு பேர். வழி இதுதான்: எல்லா விண்ணப்பத்திலும் இ.ஏ.டி.யில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். வேறு பெயர்கள் கேட்கும் கட்டத்தில் மற்ற வடிவங்கள் அத்தனையும். மதிப்பீட்டு நிறுவனத்துக்குச் சான்றிதழோடு பாஸ்போர்ட் நகல். மாதிரியில் விரல்ரேகைப் படிவத்தில் கணவர் பெயரையும் விண்ணப்பத்தில் அப்பா பெயரையும் எழுதியதால் இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் மூன்று வாரம் போனது. மறுபடி கைரேகை, மறுபடி பணம்.

விரல்ரேகையை லைவ் ஸ்கேன் என்ற மின்னணு முறையில் எடுக்கிறார்கள். மாநில நீதித்துறைக்கு 32 டாலர், எஃப்.பி.ஐ.க்கு 17, ஆக 49. இதற்கு மேல் எடுக்கும் கடைக்காரர் கூலி, கடைக்குக் கடை மாறும். பலரும் எரிச்சலடையும் விஷயம், இதை இரண்டு தடவை செய்ய வேண்டும். ஆணையத்துக்கு ஒன்று, வேலை தரும் டிஸ்ட்ரிக்டுக்கு (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஒன்று. ஒருவருக்குப் போன முடிவை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று டிஸ்ட்ரிக்டில் சேர்ந்தால் மொத்தம் நான்கு தடவை. சில டிஸ்ட்ரிக்டுகள் செலவை ஏற்கும், கேட்டுப் பார்க்கலாம். ரசீதில் உள்ள கண்காணிப்பு எண்ணைத் தொலைக்காதீர்கள், முடிவு எங்கே நிற்கிறது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும். பாத்திரம் தேய்த்தே ரேகை மங்கியவர்களுக்கு முதல் தடவை நிராகரிப்பு வருவதுண்டு. நாலைந்து நாள் முன்பிருந்தே கைக்குக் கிரீம் தடவிக்கொண்டு போங்கள்.

காசநோய்ச் சான்று

பணியில் சேர்வதற்கு முந்தைய 60 நாளுக்குள் எடுத்த காசநோய்ச் சான்று வேண்டும். அது நான்காண்டு செல்லும். முதலில் ஒரு கேள்விப் படிவம்தான். அதில் காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்தவரா என்று ஒரு கேள்வி வரும், நமக்கு அங்கேயே "ஆம்". ஆகவே சோதனை தவறாது.

இங்கே ஒரு வார்த்தை சொன்னால் பல நாள் மிச்சம். கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் தோல் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், ரத்தச் சோதனை கேளுங்கள். தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசித் தழும்பு உள்ளவர்களுக்குத் தோல் சோதனை நோயே இல்லாமல் பாசிட்டிவ் காட்டக்கூடும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்டவும் வேண்டும். ரத்தச் சோதனையை பி.சி.ஜி. குழப்பாது. அதிலும் பாசிட்டிவ் வந்தால் நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் சான்று கிடைத்துவிடும். உள்ளுறை காசநோய்க்கு மருந்து எடுக்க வேண்டுமா என்பது மருத்துவரோடு பேச வேண்டிய தனி விஷயம், வேலையைத் தடுக்காது.

அனுமதி எதற்கெல்லாம் செல்லும்

மழலையர் வகுப்பிலிருந்து 12-ம் வகுப்பு வரை எந்தப் பாடத்துக்கும் போகலாம். பி.இ. படித்தவர் ஒரு நாள் ஸ்பானிஷ், மறுநாள் கைப்பந்து. வரம்பு ஒன்றுதான்: ஒரே ஆசிரியரின் இடத்தில் ஒரு கல்வியாண்டில் 30 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, சிறப்புக் கல்வி வகுப்பு என்றால் 20 நாள். கொரோனாவுக்குப் பின் ஆள் பற்றாக்குறையால் இதைச் சில ஆண்டுகளுக்கு 60 நாளாகத் தளர்த்தினார்கள். பிரசவ விடுப்பு போன்ற நீண்ட இடம் கிடைத்தால், அந்த ஆண்டு எந்த வரம்பு என்று டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கவும். 31-வது நாள் வேறொருவர் வந்து நின்றால் பிள்ளைகளுக்கும் சங்கடம், நமக்கும்.

விண்ணப்பம் ஆணையத்தில் 50 வேலைநாள் வரை நிற்கலாம். அதற்குள் வேலை தொடங்கத் தற்காலிகக் கவுண்டிச் சான்று என்று ஒன்று உண்டு. டிஸ்ட்ரிக்ட் வழியாக விண்ணப்பித்தால் அவர்களே எடுத்துத் தருவார்கள். ஆகவே, முதலில் பள்ளி வேலைகளுக்கான எட்ஜாயின் இணையதளத்தில் டிஸ்ட்ரிக்டின் சப் வேலைக்கு விண்ணப்பித்து, அவர்கள் சரி என்றபின் அவர்கள் வழியே பெர்மிட் போடுவது நல்லது. பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். ஐந்தாண்டு இடைவெளி உள்ளவருக்குப் பழைய மேனேஜரைவிட, மகளின் வகுப்பில் தன்னார்வலராக நின்றதைப் பார்த்த ஆசிரியர், வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் எழுதும் கடிதம் கனமானது. விண்ணப்பத்தில் பழைய குற்ற வழக்கு பற்றிய கேள்விகள் வரும். தள்ளுபடியானது, குடித்துவிட்டு ஓட்டியது எதுவானாலும் கேட்டதற்கு உள்ளதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மனுவைக் கெடுப்பது மறைத்ததுதான்.

சேர்ந்த ஆறு வாரத்துக்குள் குழந்தை வன்கொடுமை புகார் பற்றிய இணையப் பயிற்சி முடிக்க வேண்டும். ஒரு நாள் மட்டும் வந்த சப் டீச்சருக்கும் இந்தக் கடமை உண்டு. நியாயமான சந்தேகம் வந்தால் உடனே தொலைபேசியில் புகார், 36 மணி நேரத்துக்குள் எழுத்தில். பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன் என்பது கணக்கில் வராது.

எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மாதம் என்று வையுங்கள். ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது யோசிக்கத் தொடங்கினால் நவம்பரில்தான் முதல் வகுப்பு. ஏப்ரலில் தொடங்குவது கெட்டிக்காரத்தனம்.

செயலியும் செக்ரட்டரியும்

வேலை கைபேசிச் செயலியில் வரும். ஃப்ரண்ட்லைன் என்ற மென்பொருளைப் பல டிஸ்ட்ரிக்டுகள் வைத்திருக்கின்றன. பள்ளி, ஆசிரியர் பெயர், நேரம், முழு நாளா அரை நாளா எல்லாம் தெரியும். முதலில் தொட்டவருக்கு வேலை. நல்ல பள்ளியின் முழு நாள் வேலை சில நொடிகளில் காணாமல் போகும். முன்பே தெரிந்த விடுப்புகள் வாரக்கணக்கில் முன்னதாகப் பட்டியலில் ஏறும். காய்ச்சல், கார் ரிப்பேர் வகையறா காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை வரும். திங்களும் வெள்ளியும், நீண்ட விடுமுறைக்கு முந்தின நாளும், சளிக்காய்ச்சல் காலமும் அதிகம். ஆகஸ்ட், செப்டம்பர் காய்ந்து கிடக்கும்.

புதியவர்கள் ஆசையில் எல்லாவற்றையும் தொடுகிறார்கள். 25 மைல் தள்ளிய பள்ளிக்கு அரை நாள் வேலையை எடுத்து, 880 நெடுஞ்சாலையில் போக ஒரு மணி, வர ஒரு மணி. வீட்டிலிருந்து 15 நிமிடத்துக்குள் உள்ள நான்கைந்து பள்ளிகளை மட்டும் தெரிவில் வைத்து மற்றதை மறைப்பதே சரி. எடுத்த வேலையைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் செயலி கணக்கு வைத்துக்கொள்ளும்.

உண்மையில் வேலை கொடுப்பவர் பள்ளி அலுவலகச் செக்ரட்டரி. பிரின்சிபாலுக்கு நம் முகம் நினைவிருக்காது, செக்ரட்டரிக்கு இருக்கும். இருபது நிமிடம் முன்னதாக வந்தது, இடைவெளிப் பீரியடில் இன்னொரு வகுப்புக்குப் போகச் சொன்னபோது முகம் சுளிக்காதது, சாவியைத் திருப்பிக் கொடுத்தது எல்லாம் அவர் கணக்கில் ஏறும். மூன்று மாதம் ஒரே பள்ளிகளுக்குப் போனால் ஆசிரியர்களே பெயர் சொல்லிக் கேட்பார்கள். அப்புறம் ஐந்தரை மணி அலாரத்துக்கு வேலையில்லை.

முதல் பத்து நிமிடம்

ஒரு 5-ம் வகுப்பு. அலுவலகத்தில் கையெழுத்து, கழுத்தில் மாட்டும் அட்டை, சாவி, ஒரு ஃபோல்டர். வகுப்புக்குள் போனதும் பாடத் திட்டத்தை எடுத்துப் படிக்கத் தோன்றும். அதற்கு முன் தேட வேண்டியவை: வருகைப் பட்டியல், யார் எங்கே உட்காருவார் என்ற படம், நிலநடுக்கம் அல்லது தீ வந்தால் எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய அவசரப் பை, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயர், அலுவலகத்தின் உள் எண். அப்புறம் அன்றைய மணி அட்டவணை. வாரத்தில் ஒரு நாள் பள்ளி சீக்கிரம் விடும். திட்டம் எழுதிய டீச்சர் அதை மறந்து முழு நாளுக்கு எழுதியிருப்பார்.

மணி அடித்ததும் மேசைக்குப் பின்னால் நிற்காமல் வாசலில் நிற்க வேண்டும். ஒவ்வொருவராக உள்ளே வரும்போது பெயர் கேட்டு ஒரு வார்த்தை. உள்ளே வந்தபின், "உங்க டீச்சர் உங்களை அமைதியாக்க என்ன செய்வார்?" என்று கேளுங்கள். கை தட்டும் தாளமோ, மணியோ, விளக்கை அணைப்பதோ ஏதோ ஒன்று இருக்கும். பத்துப் பேர் சேர்ந்து செய்து காட்டுவார்கள். அன்று முழுக்க அதுதான் ஆயுதம். நமக்கென்று புது முறை எதையும் கொண்டுபோகக் கூடாது.

வருகைப் பதிவு முதல் கால் மணிக்குள் அலுவலகம் போய்ச் சேர வேண்டும். கலிஃபோர்னியாவில் பள்ளிக்கு மாநிலம் தரும் பணத்தில் பெரும்பகுதி சராசரி வருகையை வைத்துத்தான். தவறாகப் போட்டால் பெற்றோருக்குத் தானியங்கி அழைப்பும் போய்விடும். பெயர் வாசிக்கும்போது வியட்நாமியக் குடும்பப் பெயரிலும் ஆப்கானியப் பெயரிலும் நாக்கு தடுக்கும். தப்பாகச் சொன்னால் திருத்து என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். ஐஸ்வர்யாவையும் விக்னேஷையும் சரியாக உச்சரிக்கும் சப் டீச்சரை அந்த இரண்டு பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பதும் நடக்கும்.

ஐந்தே நிமிடத்தில் ஏழு கை தூக்கும், எல்லோருக்கும் பாத்ரூம். இது சோதனை. ஒரு நேரத்தில் ஒருவர், பெயரும் போன நேரமும் பலகையில். யாரையும் தடுக்கவில்லை, வரிசை மட்டும்தான். மூன்றாவது ஆள் திரும்பும்போது மற்ற கைகள் இறங்கியிருக்கும்.

நம் பள்ளிப் பழக்கங்கள் இங்கே நம்மையே கவிழ்க்கும். காதைத் திருகுவது இருக்கட்டும், தோளைப் பிடித்து உட்கார வைப்பதே பிரச்சினை. உடல் தண்டனைக்குச் சட்டத் தடை. ஒருவன் பேசியதற்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பதும் கூடாது. "ரீசஸ் கிடையாது" என்ற மிரட்டலும் போச்சு. 2024-25 கல்வியாண்டு முதல், உடனடி ஆபத்து இல்லாதபோது இடைவேளையைத் தண்டனையாகப் பறிக்க முடியாது. காலையில் கொடிக்கு உறுதிமொழி சொல்ல ஒரு பிள்ளை எழவில்லை என்றால் விட்டுவிடவும், அது அதன் உரிமை. கத்துவதால் பயனில்லை. குரலைத் தாழ்த்தினால் முன்வரிசை முதலில் கவனிக்கும், பின்வரிசைக்கு என்ன நடக்கிறது என்று ஆர்வம் வரும்.

மொழியிலும் வழுக்கும் இடங்கள். அழிப்பானுக்கு நாம் சொல்லும் 'ரப்பர்' இங்கே ஆணுறைக்கான பேச்சுச் சொல். 8-ம் வகுப்பில் ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தப் பீரியட் முடிந்தது, 'எரேசர்' என்றே பழகுங்கள். 'டவுட்' என்றால் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், 'கொஸ்டின்' என்று கேட்கவும். கணக்கில் நாம் மனதுக்குள் போடும் குறுக்குவழியைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். பெருக்கலைக் கட்டம் கட்டிப் பிரித்துப் போட டீச்சர் சொல்லியிருப்பார். மறுநாள் அவர் திரும்ப வந்து குழப்பத்தை அவிழ்க்க வேண்டியிருக்கும்.

எந்த வகுப்பில் தொடங்குவது? 4, 5-ம் வகுப்புகள் தோது. மழலையர் வகுப்பு அழகாகத் தெரியும், ஆனால் நாள் முழுக்க நிமிடத்துக்கு நிமிடம் வழக்கம் மாறும் இடம் அது. புது ஆளுக்கு மூச்சு வாங்கும். 7, 8 நடத்தையில் கடினம். உயர்நிலைப் பள்ளியில் சிரமமே இல்லை, சலிப்புதான். கணக்குச் சொல்லித் தரலாம் என்று போனால், கணினியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எல்லோரும் குனிந்துகொள்வார்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் உதவியாளர்கள் இருந்தால் அன்றைக்கு அவர்கள்தான் குரு, அவர்கள் சொல்கிறபடி நடங்கள்.

கிளம்பும் முன் டீச்சருக்கு ஒரு பக்கக் குறிப்பு: எது முடிந்தது, எது முடியவில்லை, யார் வரவில்லை, யார் உதவினார்கள், ஏதாவது நடந்திருந்தால் பெயரோடு நடந்தது மட்டும். மறுபடி கூப்பிடுவதா வேண்டாமா என்று அந்த ஆசிரியர் முடிவு செய்வது இந்தத் தாளை வைத்துத்தான்.

கணக்கு

கல்வியாண்டு 180 நாள். வாரம் மூன்று என்றால் 36 வாரத்துக்கு 108 நாள் என்று மனக்கணக்கு போடுவார்கள். காய்ந்த மாதங்களையும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாட்களையும், வேலை கிடைக்காத வாரங்களையும் கழித்தால் 80 என்பதே பொறுப்பான எண். சப் டீச்சருக்கு சப் கிடையாது. நோய்விடுப்பு 30 மணி வேலைக்கு ஒரு மணி வீதம் சேரும், ஆனால் சேர்ந்த 90-வது நாளிலிருந்துதான் எடுக்க முடியும்.

நாளுக்கு 200 டாலர் என்று வைப்போம். பே ஏரியாவில் இது டிஸ்ட்ரிக்டைப் பொறுத்து ஏறும், இறங்கும். 80 நாளுக்கு 16,000. கணவர் சம்பளத்தோடு சேர்த்து இந்தக் குடும்பத்தின் மேல்மட்ட வரி விகிதம் கூட்டாட்சிக்கு 24, மாநிலத்துக்கு 9.3 சதவீதம் என்று கொள்வோம். இவர் சம்பாதிக்கும் முதல் டாலரே அந்த மட்டத்தில்தான் விழும். ஓய்வூதிய மாற்றுத் திட்டத்துக்கு 7.5 சதவீதம் பிடித்தால் 1,200 (சில இடங்களில் பாதியை டிஸ்ட்ரிக்ட் தரும்). முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 232. மீதி 14,800-க்குக் கூட்டாட்சி வரி 3,552, மாநில வரி 1,376. கையில் 9,640. நாளுக்கு 120. பயணத்தையும் சேர்த்து ஏழரை மணி என்றால் மணிக்கு 16 டாலர், வரி போக.

ஆனால் இந்த வரி மாதாமாதம் சரியாகப் பிடிக்கப்படாது. டிஸ்ட்ரிக்டுக்கு இவருடைய 16,000 மட்டும்தான் தெரியும், ஏழை என்று நினைத்துக் குறைவாகப் பிடிக்கும். டபிள்யூ-4 படிவத்தில் துணைக்கும் வேலை உண்டு என்ற கட்டத்தைக் குறிக்காவிட்டால் ஏப்ரலில் சில ஆயிரம் டாலர் ஒரே மூச்சில் கட்ட வேண்டிவரும். பல டிஸ்ட்ரிக்டுகளில் ஒரு மாத வேலைக்குச் சம்பளம் அடுத்த மாதம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பலருக்கும் தெரியாதது, அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டி பற்றியது. கலிஃபோர்னியா அரசுப் பள்ளி ஆசிரியப் பணி அந்தத் திட்டத்துக்கு வெளியே. எத்தனை ஆண்டு போனாலும் ஓய்வூதியத் தகுதிக்கு வேண்டிய 40 கிரெடிட்டில் ஒன்றுகூட ஏறாது. ஒரே டிஸ்ட்ரிக்டில் ஓராண்டில் 100 நாள் எட்டினால் ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் தானாகவே உறுப்பினராகிவிடுவார், 80 நாள்காரர் தானாகச் சேரமாட்டார், கேட்டுத்தான் சேர வேண்டும். தனியார் ஏஜென்சி வழியாகச் சார்ட்டர் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும்) பள்ளிகளுக்கோ தனியார் பள்ளிகளுக்கோ போனால் கதை வேறு. ஏஜென்சி தனியார் முதலாளி என்பதால் 6.2 சதவீதம் பிடித்து கிரெடிட் சேரும். அமெரிக்காவில் முன்பே சில ஆண்டு வேலை பார்த்து 40-ஐ நெருங்கி நிற்பவர்கள், நாள் சம்பளம் பத்து டாலர் குறைந்தாலும் ஏஜென்சியைப் பார்க்கலாம். நம் மாதிரிக்கு அந்தக் கணக்கே தொடங்கவில்லை. அவருக்கு டிஸ்ட்ரிக்ட்தான் சரி. செக்ரட்டரியும் பழக்கமும் அங்கேதான் கிடைக்கும்.

கோடையில் வேலையில்லாப் படியும் எதிர்பார்க்க வேண்டாம். மே மாதம் "அடுத்த ஆண்டும் வாருங்கள்" என்று ஒரு கடிதம் வரும். அன்பாகத் தெரியும், ஆனால் அது இருந்தால் விடுமுறைக்கான படி கிடைக்காது.

முடிவு

குடும்ப வருமானத்தைத் தூக்கி நிறுத்த இந்த வேலை உதவாது. ஓ.எம்.ஆர். அனுபவத்தை இங்கே டெஸ்டிங் வேலையாக மாற்ற முடிந்தால் பணம் பல மடங்கு. ஆனால் ஆசிரியத் தொழில் நமக்கு ஒத்துவருமா என்று சம்பளம் வாங்கிக்கொண்டே பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. பயிற்சிக் கல்லூரியில் பல்லாயிரம் டாலர் கட்டி, மாணவர் ஆசிரியராக நின்றபின் "எனக்கு 7-ம் வகுப்பு ஆகாது" என்று தெரிந்துகொள்வதற்கு, அதை நவம்பரிலேயே 200 டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்துகொள்ளலாம். ஆகவே இந்த மாதிரிக்கு நம் பரிந்துரை: ஓராண்டு, ஒரே டிஸ்ட்ரிக்ட், நான்கு பள்ளி. இரண்டு தொடக்கப் பள்ளி, ஒரு நடுநிலை, ஒரு உயர்நிலை. உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன்னும் நடுநிலைப் பள்ளிகள் 8 மணிக்கு முன்னும் தொடங்கக் கூடாது என்று 2022 முதல் சட்டம் இருப்பதால், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அந்த இரண்டுக்கும் போக நேரம் இருக்கும்.

ஆண்டு இறுதியில் பிடித்திருந்தால், முதலில் வாங்கிய பாடவாரி மதிப்பீட்டை எடுக்க வேண்டும். 2021-க்குப் பிறகு, தேர்வு எழுதாமல் கல்லூரிப் பாடங்களைக் காட்டியே பாட அறிவுத் தகுதியை நிறுவ வழி வந்திருக்கிறது. பி.இ.யில் படித்த கணிதத் தாள்கள் அங்கே எண்ணப்படும். கணக்கு டீச்சருக்கான பயிற்சித் திட்டத்தில் சேர முடியுமா என்று கேட்கும்போது மேசையில் வைக்க வேண்டிய முதல் தாள் அதுதான். பட்டம் என்று ஒற்றை வரியில் எழுதிய மலிவு அறிக்கை வாங்கியவர்கள் இந்த இடத்தில் மறுபடி ஊருக்கு எழுதிப்போட்டு, மறுபடி முத்திரை உறைக்குக் காத்திருக்கிறார்கள்.